ஓடிபி கேட்கும் அங்கன்வாடி அக்காவும் உங்க வீட்டு செல்ஃபோனும்

“ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க.” வங்கி சொல்கிறது, காவல்துறை சொல்கிறது, யாருக்காவது ஃபோன் போட்டால் ரிங் போவதற்குப் பதிலாக அந்த எச்சரிக்கைக் குரலே வந்து நின்ற நாட்களும் உண்டு. சரி, மனப்பாடம் ஆயிடுச்சு. அடுத்த நாளே அங்கன்வாடி அக்கா கூப்பிட்டு, “உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லு கண்ணு” என்கிறார். இப்போ சொல்றதா, வேண்டாமா?

சொல்லாவிட்டால் குழந்தைக்கான சத்துமாவுப் பதிவு பாதியில் நிற்கும். எதையும் பார்க்காமல் சொல்லிப் பழகிவிட்டால், நாளைக்கு “அங்கன்வாடி ஆபீஸ்ல இருந்து பேசறேங்க” என்று முகம் தெரியாத ஒருவர் கேட்கும்போதும் வாய் தானாகச் சொல்லிவிடும். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

முதலில், அங்கன்வாடியில் ஓடிபி எதற்கு? மத்திய அரசின் ‘போஷன் டிராக்கர்’ செயலியில்தான் இப்போது அங்கன்வாடிப் பதிவுகள் நடக்கின்றன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவை உரியவரே வாங்குகிறாரா என்று பார்க்க, முகத்தைப் படம் எடுத்துச் சரிபார்க்கும் முறை 2025 ஜூலை 1 முதல் கட்டாயமானது. அதற்கு முன்பாக ஆதார் விவரத்தை ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். அப்போது ஆதாரோடு இணைத்த ஃபோன் எண்ணுக்கு ஓடிபி போகும். ஆக, அந்த அக்கா கேட்பது முறையான வேலைதான்.

ஆனால் இளம்பிள்ளை மாதிரி ஊரில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்க. அம்மா குழந்தையோடு மையத்தில் நிற்கிறார். ஆதாரோடு இணைந்திருப்பது கணவரின் எண். அவர் தறிப்பட்டறையில் இருக்கிறார். விசைத்தறிச் சத்தத்தில் ரிங் கேட்பதே பெரும்பாடு. கேட்டு எடுத்தாலும், மெசேஜைத் திறந்து படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பு, மறுபடி கேள். அவசரத்தில் அவர் பார்ப்பது ஆறு இலக்கத்தை மட்டும்தான். அது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று யார் படிக்கிறார்கள்?

அதனால் விதியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ‘யாருக்கும் சொல்லாதே’ என்பதைவிட, ‘ஃபோனில் கேட்டால் சொல்லாதே; நேரில் கேட்டால் படித்துப் பார்’ என்பது வீட்டுக்கு உதவும். வேலையைத் தொடங்கியது யார்? உங்களுக்குத் தெரிந்த பணியாளர், உங்கள் கண் முன்னால், உங்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினாரா? மெசேஜில் ஆதார் என்று இருக்கிறதா, இல்லை வங்கியின் பெயரும் ரூபாய்த் தொகையும் இருக்கிறதா? தொகை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்க. எல்லாம் சரி என்றால், எண்ணைச் சத்தமாகச் சொல்வதைவிட அந்தச் செயலியில் நீங்களே தட்டச்சு செய்வது நல்லது. “நானே போட்டுக்கறேங்க்கா” என்று கேளுங்க. மரியாதைக் குறைவாக எந்த அக்காவும் நினைக்கமாட்டார்.

இன்னொரு சின்ன அடையாளமும் இருக்கிறது. நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியவர் பெயருக்குப் பின்னால், ஒரு சிறு கோட்டுக்கு அப்புறம், ஓர் ஆங்கில எழுத்து வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ‘ஜி’ என்றால் அரசுச் செய்தி, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘எஸ்’ என்றால் சேவை, ‘பி’ என்றால் விளம்பரம். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து “உங்கள் உதவித்தொகை தயார், இந்த லிங்க்கைத் தொடவும்” என்று வந்தால், அது அரசுச் செய்தி அல்ல. இந்த எழுத்து ஒன்றை மட்டும் வைத்து முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். படிக்கத் தொடங்கும்போது முதல் பார்வை அங்கே போகட்டும், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் குடும்பத்தோடு நேரில் பழகி வேலை செய்யும் அரசுப் பணியாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கன்வாடிப் பணியாளர், கர்ப்பம் உறுதியானதும் பதிவு செய்ய வரும் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், பள்ளி ஆசிரியர், மகளிர் சுய உதவிக் குழுவை வழிநடத்துபவர், பிரச்சினை முற்றினால் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசகர். தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அந்தப் பணியாளரின் கையில் எடை பார்க்கும் கருவியும் பதிவேடும்தான். இன்றைக்கு அவர் கையிலும் ஸ்மார்ட்ஃபோன், உங்கள் கையிலும் ஸ்மார்ட்ஃபோன்.

ஃபோனை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பிள்ளைகள் வேகமாகச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். விளக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. பொறுமையாகச் சொல்லக்கூடியவர், சொன்னால் வீடு கேட்கக்கூடியவர், மேலே சொன்னவர்களில் ஒருவர்தான். சைபர் கிரைம் போலீஸ் வந்து ஒருநாள் கூட்டம் போட்டுப் பேசினால் கைதட்டுவோம். சத்துமாவு வாங்கப் போன இடத்தில் அக்கா சொன்னது நிற்கும்.

அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் திருடுகிறார்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணைகளாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. “ரெண்டாவது தவணை நின்னு போச்சு, சுகாதாரத் துறையில இருந்து பேசறோம், ஒரு கியூஆர் அனுப்பறோம் ஸ்கேன் பண்ணுங்க” என்று அழைப்பு வந்தால் எந்த கர்ப்பிணிக்குப் பதறாது? பிள்ளையின் கல்வி உதவித்தொகை என்றும், மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் என்றும் இதே கதையைப் பேரை மாற்றிச் சொல்வார்கள். பெயர், ஊர், குழந்தை பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னால் நம்பாமல் இருப்பது கஷ்டம். ஆனால் விவரம் தெரிந்திருப்பது அதிகாரி என்பதற்கு ஆதாரம் இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்வதும், யுபிஐ பின் போடுவதும் பணம் அனுப்புவதற்கு மட்டும்தான். பணம் வருவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எந்தப் பின்னும் போட வேண்டாம். இதை மட்டும் ஒரு வீடு நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி மோசடி அந்த வாசலோடு திரும்பிவிடும்.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டியது சுலபம். வைத்துவிடுங்க. உங்கள் செவிலியருக்கோ அங்கன்வாடி அக்காவுக்கோ நீங்களே ஃபோன் செய்து கேளுங்க. பணம் நின்றிருக்கிறதா இல்லையா என்பது அவர்கள் வழியாகத் தெரியவரும். அவர்கள் எண்ணை இன்றைக்கே பெயர் போட்டுச் சேமித்து வையுங்க.

இளம்பிள்ளைக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பேரூராட்சியின் பெயரைச் சொன்னாலே தமிழ்நாட்டில் பெண்களுக்கு ஞாபகம் வருவது சேலை. ஒரு காலத்தில் கடை தேடி பஸ் ஏறி வந்தார்கள். இன்றைக்குச் சேலை வாட்ஸ்அப்பில் விரிகிறது. பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் பழகிய வீடுகளில், சேலையை மடித்துப் படம் எடுத்து, குரூப்பில் போட்டு, பார்சல் கட்டி அனுப்பும் வேலையும் சேர்ந்துகொண்டது. சொந்தமாக ஸ்டாக் வைக்காமல் ரீசெல்லிங் செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபோன்தான் கடை.

கடையாகிவிட்ட ஃபோனில் ஆபத்தும் வேறு மாதிரி. “பணம் போட்டாச்சு அக்கா” என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அதைப் பார்த்துச் சேலையை அனுப்பிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். வங்கிக் கணக்கில் இருப்பு ஏறியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. அதே மாதிரி, ஊர்ப்பெயரை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் திறந்து, உங்கள் குரூப் படத்தையே எடுத்துப் போட்டு, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லலாம். பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் மறைந்தால், வெளியூர் வாடிக்கையாளர் திட்டப்போவது இளம்பிள்ளையை.

இன்னும் அதிகம் பேசப்படாதது ஒன்று. எங்கோ ஏமாற்றிய பணத்தில் ஒருவர் உங்களிடம் சேலை வாங்கினால், விசாரணையில் அந்தப் பணம் போன பாதையில் உங்கள் கணக்கும் வரும். கணக்கோ, அந்தத் தொகையோ முடக்கப்படலாம். உங்கள் மேல் தப்பில்லைதான். ஆனால் அதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? பில், பார்சல் ரசீது, அந்த வாடிக்கையாளரோடு பேசிய சாட், இவற்றை அழிக்காமல் வைத்திருப்பவருக்கு வங்கியில் விளக்குவது எளிது. மெமரி நிறைஞ்சு போச்சுன்னு மொத்தமாக அழித்துவிட்டால் சிரமம். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்குப் பார்க்கும்போது இதையும் பத்து நிமிஷம் பேசினால் நன்றாக இருக்கும். பெண்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ள சுய உதவிக் குழுவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் பக்கம் வருவோம். பட்டறை வீட்டில் தறி ஓடும்போது சின்னக் குழந்தையை ஓரிடத்தில் உட்கார வைக்க ஃபோனைக் கொடுப்பது எல்லோரும் செய்வதுதான். அதைக் குற்றமாக்கிப் பேசினால் எந்த அம்மாவும் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கன்வாடியில் எடை பார்க்கும்போதே “எத்தனை நேரம் ஃபோன் பார்க்கிறான்?” என்று ஒரு கேள்வி சேர்ந்தால், பேச்சு சரியான வயதில் தொடங்கும். மூன்று வயதில் கேட்காததைப் பதின்மூன்று வயதில் கேட்டால் சண்டைதான் வரும்.

அந்தப் பதின்மூன்று வயதில்தான் கொடுமைகள் தொடங்குகின்றன. ஒரு பெண் பிள்ளையின் படத்தை எடுத்து மாற்றி, “சொன்னதைக் கேளு, இல்லேன்னா அனுப்பிருவேன்” என்று ஒருவன் மிரட்டினால், அந்தப் பிள்ளை முதலில் பயப்படுவது அவனுக்கு இல்லை, வீட்டுக்கு. “ஃபோனைப் பிடுங்கிடுவாங்க, படிப்பை நிறுத்திடுவாங்க” என்ற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை மிரட்டுபவனுக்குத் தைரியம். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி இருப்பதைப் பிள்ளைகளிடம் கேளுங்க. பெயர் போடாமல்கூட எழுதிப் போடலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. புகார் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்: 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது.

ஆசிரியரிடம் பிள்ளை சொல்லிவிட்டால், பெற்றோரிடம் அதை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பது தனித் திறமை. “உங்க பொண்ணு தப்புப் பண்ணிட்டா” என்று தொடங்கினால் கதை அங்கேயே கெட்டுவிடும். “உங்க பொண்ணை ஒருத்தன் மிரட்டறான், நாம சேர்ந்து நிறுத்துவோம்” என்று தொடங்கினால் அப்பாவின் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் போங்க. கட்டிடம், கழிப்பறை பற்றிப் பேசிய பிறகு, ஃபோன் பற்றியும் கேட்க அது உங்களுக்கு இடம்.

கல்லூரி போகும் பையன் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் திறந்து ஏடிஎம் கார்டைக் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்” என்று நண்பனின் நண்பன் கேட்டால், அது வேலை இல்லை. ஏமாற்றிய பணத்தைக் கடத்த வாடகைக்கு எடுக்கும் கணக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு 2024 டிசம்பரில் ‘திரைநீக்கு’ என்ற பெயரில் மாநிலம் முழுக்க நடத்திய நடவடிக்கையில் இப்படிக் கணக்குக் கொடுத்து உதவியவர்களும் பிடிபட்டார்கள். சிம் கார்டும் அப்படித்தான். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். சந்தேகமான அழைப்பு, மெசேஜ்களைப் பற்றிச் சொல்லவும் அதே தளத்தில் இடம் உண்டு.

வீட்டுக்குள்ளேயே ஃபோன் ஆயுதமாவதும் உண்டு. மனைவியின் வாட்ஸ்அப்பைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துப் படிப்பது, எங்கே இருக்கிறாள் என்று மணிக்கொருமுறை லொகேஷன் கேட்பது, சேலை விற்று வந்த பணத்தை ஃபோனைப் பிடுங்கி மாற்றிக்கொள்வது. ‘அக்கறை’ என்று பேர் வைத்தாலும் இது அடக்குமுறைதான். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான, பொருளாதார ரீதியான கொடுமைகளையும் வன்முறையாகவே சொல்கிறது. 181-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசனை, சட்ட உதவி, தேவைப்பட்டால் தற்காலிகத் தங்குமிடம் கிடைக்கும். ஆன்லைன் விளையாட்டில் பணம் இழந்து, வெளியே சொல்ல முடியாமல் ஒருவர் வீட்டில் சுருண்டு கிடந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதற்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கடனும் குற்ற உணர்ச்சியும் சட்டம் வந்ததால் மட்டும் போய்விடாதே. பேச ஓர் ஆள் வேண்டும்.

இதுவரை உங்களுக்குச் சொன்னேன். இந்த இதழைப் பணியாளர்களும் படிப்பீர்கள் என்பதால் உங்களுக்கும் கொஞ்சம். பயனாளிகளின் பெயர், ஃபோன் எண், ஆதார் எண் அடங்கிய பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது வேகமான வேலைதான். ஆனால் அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள், படம் எங்கே எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மோசடிக்காரர் குழந்தை பிறந்த தேதியைச் சரியாகச் சொல்வதற்கு இப்படி ஒரு படமே போதும். குழந்தைகள் சாப்பிடும் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்க. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. நாம் கேட்டுவிட்டு எடுப்பதைப் பார்த்தால்தான், “என்னைக் கேட்காமல் என் படத்தை எடுக்கக் கூடாது” என்று அந்தத் தாய்க்கும் சொல்லத் தோன்றும்.

குடும்பங்களும் இதைத் தயங்காமல் கேட்கலாம். “இந்தப் படம் எதுக்குங்க? எங்க போகுது?” நியாயமான கேள்வி. ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைந்திருக்கும் நகல் போதுமா என்று கேளுங்க. ஆதார் தளத்திலேயே அப்படி எடுக்கலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பூட்டினால் கைரேகை கேட்கும் இடங்களில் வேலை நடக்காது. புது சிம் வாங்கப் போவதற்கு முன்னால் ஞாபகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரரோடு வீண் வாக்குவாதம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் பணம் போய்விட்டால்? அழுவதற்கும், ‘உன்னாலதான்’ என்று வீட்டில் சண்டை போடுவதற்கும் முன்னால் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொன்னால் தாமதம்தான். அழைக்கும்போது உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், ஏமாற்றியவரின் ஃபோன் எண் கையில் இருக்கட்டும். வந்த மெசேஜையும் சாட்டையும் அழிக்காதீங்க. புகார் எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்க. மத்திய அரசின் சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்திலோ, உங்கள் குழுவில் படித்த பெண்ணிடமோ உதவி கேளுங்க. கடவுச்சொல்லையும் பின்னையும் மட்டும் அவர்களிடமும் சொல்ல வேண்டாம்.

1930, 1098, 181, 14416. நான்கையும் ஃபோனில் சேமித்துவிட்டு, ஒரு தாளிலும் பெரிதாக எழுதித் தறிப்பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்க. ஃபோனே தொலைந்துபோன நாளில் சேமித்த எண் உதவாது.